சிக்கனமும் அடுக்களையும்

சிக்கனம் ஒரு நற்பண்பு என்பதைக் கீழ்வகுப்பு முதலாக நாம் மாணவர்க்குப் போதித்து வருகின்றோம். அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தால், சிறுதுளி பெருவெள்ளம் என்ற பழமொழியோடு தொடங்கி, சேமிப்புப் புத்தகத்தின் அருமையைக் கூறி, அவர்கள் பிழையின்றி எழுதி முடிக்கின்றனர். நாமும் புள்ளி வழங்கிவிடுகின்றோம். ஆயினும் ஒரு வீட்டிலே மிச்சமாகும் பணம் எதிலிருந்து மிச்சமாகின்றது, யாருடைய உழைப்பு அதற்கு ஈடாகச் செலவாகின்றது என்ற வினா அக்கட்டுரைகளில் எழுவதில்லை. அடுக்களைக்கும் வீட்டுக்கும் வாங்கும் பொருள்களை வைத்து இவ்வினாவை ஆராய்தல் பயன் தரும். எந்தப் பொருளுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தல் தகும், எதற்குக் கொடுத்தல் வீண் என்பது பார்வைக்குச் சிறிய விடயமே. ஆனால் ஒரு குடும்பம் யாரை மதிக்கின்றது என்பதை அது செய்யும் செலவிலிருந்தே அறியலாம்.

முதலில் மலிவு என்பதன் பொருளைத் தெளிந்துகொள்வோம். கடையில் நாம் கொடுக்கும் விலை ஒன்று. அப்பொருள் உழைக்கும் காலம் முழுவதிலும் நாம் கொடுக்கும் விலை இன்னொன்று. பழைய இழை மின்குமிழ் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 1,000 மணித்தியாலம். நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் 200 நாளில் அது முடிந்துவிடும். 60 வாற்று இழைக்குமிழ் இவ்வாறு எரிய ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 110 அலகு மின்சாரம் வேண்டும். ஏறக்குறைய அதேயளவு ஒளி தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 16 அலகு போதும். அது பல்லாயிரம் மணித்தியாலம் உழைக்கவும் செய்யும். வாங்கும் நாளிலே மலிவாயிருந்தது, ஆண்டு முடிவிலே விலையுயர்ந்ததாகிவிடுகின்றது.

இழைக்குமிழின் 1,000 மணித்தியாலமும் இயற்கை விதித்த எல்லையன்று. 1924ஆம் ஆண்டிலே உலகின் பெரிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஜெனீவாவிலே கூடித் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். வீட்டுக் குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலத்துக்குள் அடக்குதல் அவ்வமைப்பின் விதிகளுள் ஒன்றாயிற்று. அதற்குமுன் 1,500 முதல் 2,000 மணித்தியாலம் வரை எரிந்த குமிழ்கள் விற்பனையிலிருந்தன. விதியை மீறி நீண்டநாள் எரியும் குமிழைச் செய்தவர் தண்டம் கட்டவேண்டியிருந்தது. ஆயுள் குறைந்தால் ஒளி மிகும் என்று அவர்கள் கூறிய நியாயத்திலே ஓரளவு உண்மையுண்டு. எனினும், ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதை வாங்குபவரின் நன்மையைக் கருதாமலே சிலர் கூடித் தீர்மானிக்க முடிந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

‘நல்லதை ஒருமுறை வாங்கு, நெடுநாள் பயன்படுத்து’ என்று அறிவுரை கூறுவது எளிது. அதைக் கேட்டு நடப்பதற்குக் கையிலே முதற்பணம் இருத்தல் வேண்டும். வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளியாயிருந்த ரொபேட் ட்ரெசல், தாம் இறந்து மூன்றாண்டுகளின் பின் 1914இல் வெளியான நாவலிலே இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். நல்ல சப்பாத்து வாங்க இயலாத தொழிலாளி மலிவான சப்பாத்தை வாங்குகின்றான். அது விரைவிலே கிழிய மீண்டும் வாங்குகின்றான். வறியவன் அறிவின்மையாலன்று, வறுமையாலேயே அதிக விலை கொடுக்கின்றான். நம் நாட்டிலும் சவர்க்காரத் தூளைச் சிறு பைக்கற்றாகவும், எண்ணெயை அரைப்போத்தலாகவும் வாங்குபவர், மொத்தமாக வாங்குபவரைவிடக் கூடிய விலையையே கொடுக்கின்றனர்.

கடன் பெற்று நல்ல பொருளை வாங்கலாமே எனச் சிலர் கூறுவர். நுண்கடன் என்ற பெயரிலே வீடு தேடி வந்த கடன் நம் கிராமத்துப் பெண்களை எந்நிலைக்குத் தள்ளியது என்பதை நாம் மறக்கலாகாது. 2018ஆம் ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பட்ட இக்கடனின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதற்கு அரசே முன்வர வேண்டியதாயிற்று.

ஈண்டுத் திருக்குறளின் வைப்புமுறை சிந்திக்கத்தக்கது. வரவு சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதவரை கேடில்லை என்ற கருத்து, பொருட்பாலிலே வலியறிதல் என்ற அதிகாரத்திலே வருகின்றது. அது அரசியல் என்னும் இயலைச் சேர்ந்தது; அஃதாவது ஆள்வோனை முன்னிறுத்திச் சொல்லப்பட்டது. கணவனின் வருவாய்க்குத் தக வாழ்தல் மனைவியின் இயல்பாக வாழ்க்கைத் துணைநலத்திலே கூறப்படுகின்றது. முன்னதை ஆள்வோர் மறந்தனர். பின்னதையே நாம் திருமண மேடைகளில் ஓயாது எடுத்துரைத்து வருகின்றோம். இதன் விளைவை அண்மைக்காலத்திலே கண்டோம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2021 ஒக்டோபர் தொடக்கத்திலே 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை, அதே ஏப்ரல் மாதத்திலே 4,860 ரூபாவாயிற்று. தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பு! செலவை அறியாது ஆண்டவர் ஒருசாரார். விறகு தேடி நடந்து, புகையிலே கண்கசங்கிச் சிக்கனம் பிடித்தவர் மற்றொருசாரார்.

இவையெல்லாம் ஆட்சியின் குற்றம், வியாபாரியின் குற்றம் என்று கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. மாதச் சம்பளம் பெறும் நம் போன்றோர் வீடுகளிலே, சிறிதளவேனும் மிகைப்பணம் உள்ள இடத்திலே, அது எங்கே செல்கின்றது? முன்மண்டபத்துக்கு மெத்தை நாற்காலி வருகின்றது. கண்ணாடி அலுமாரி வருகின்றது. அதனுள்ளே எவரும் பயன்படுத்தாத பீங்கான் கோப்பைகள் அடுக்கப்படுகின்றன. அடுக்களையிலோ மழுங்கிய கத்தி, ஆட்டங்காணும் திருவலை, பிடி கழன்ற தாச்சி. வீடு கட்டும்போதும் புகைபோக்கிக்கு வரும் முறை கடைசி முறையே. அதற்குள் பணம் தீர்ந்துவிடும். விருந்தினர் காணும் இடத்திலே தாராளம், பெண் நிற்கும் இடத்திலே சிக்கனம் என்பதே நடைமுறை. இதனைச் சிக்கனம் என்று அழைப்பது பொருந்துமா? ஒருவரின் உடலைத் தேயவிட்டு மற்றொருவரின் மதிப்பைக் காப்பதற்குப் பெயர் வேறு.

ஆகவே நாம் ஓர் அளவுகோலைக் கொள்ளலாம். எப்பொருள் நாள்தோறும் கையிற்பட்டு, உழைப்பவரின் வலியையும் நேரத்தையும் ஆபத்தையும் குறைக்கின்றதோ, அப்பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்செலவாகாது. கத்தியை எடுத்துக்கொள்வோம். கூர்மையான கத்தி சிறு அழுத்தத்திலே வெட்டும். மழுங்கியது மிகுந்த அழுத்தம் வேண்டும், வழுக்கி விரலிலும் பாயும். பழைய லொறியின் வில்லுத்தகட்டிலே ஊர்க் கொல்லர் அடித்த நல்ல கத்தியும் ஒரு சாணைக்கல்லும் பல ஆண்டுக்குப் போதும். பிறஷர் குக்கரின் பயனும் இத்தகையதே. நீராவியை அடைத்து அமுக்கத்தை உயர்த்துவதால் உள்ளிருக்கும் நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் கொதிக்கின்றது. அதனால் கடலையும் பயறும் வேகும் நேரமும் விறகும் பெரிதும் குறைகின்றன. இங்கே மலிவு தேடி, காப்பு வாயில் செம்மையற்ற குக்கரை வாங்குதல் உயிருக்கே ஊறு.

புகைபோக்கியின் சிறப்பை விளக்க வேண்டுவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நம் நாட்டு வீடுகளில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சில நூறு செங்கற்களின் விலை பெரிதா, ஒரு தாயின் சுவாசப்பை பெரிதா?

இதற்கு இருவகை மறுப்புகள் எழும். அம்மியில் அரைத்த சம்பலின் சுவை இயந்திரத்தில் வருமா என்பது ஒன்று. சுவை வேறுபாடு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதனைப் புகழ்வோருள் அம்மியின் முன் குனிந்தவர் எத்தனை பேர்? சுவைப்பவரின் மரபுப்பற்றுக்கு அரைப்பவரின் முதுகு வரிகொடுத்தல் நீதியன்று. விரும்பும் நாளிலே விரும்புபவரே அரைத்துக்கொள்ளட்டும்.

மற்ற மறுப்பு கனமானது. கருவிகளைப் புகழ்வது வியாபாரிகளின் ஆசைவலைக்குள் நம்மைத் தள்ளாதா? வேலையைக் குறைக்கும் கருவி வந்தபின்னும் பெண்ணே தனித்து உழைத்தால் பயன் என்ன? 1926இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பிராங்பேட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்கென, வீண்நடையையும் குனிவையும் குறைக்கும் அடுக்களை ஒன்றை வகுத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளிலே அது அமைந்தது. பெண்ணின் உழைப்பைக் கணக்கிற்கொண்ட சிறந்த முயற்சி அது. எனினும், ஒருவரே நிற்கக்கூடிய அச்சிற்றறை பெண்ணைத் தனிமைப்படுத்தியது என்ற குறையும் பிற்காலத்திலே கூறப்பட்டது. கருவி, வேலைப்பங்கீட்டுக்கு மாற்றாகாது. கூரிய கத்தியை வாங்கிக் கொடுத்துவிட்டு, வெங்காயம் உரிக்கும் கடமையிலிருந்து ஆண் விலகிவிட முடியாது. வியாபாரப் பெயருக்கும் மினுக்கத்துக்கும் கொடுக்கும் பணத்தை நம் அளவுகோலும் ஏற்காது. திருத்திப் பயன்படுத்த முடியாத பொருளையும் அது தள்ளிவிடும்.

இனி, ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்குதல் ஒன்றே வழியா என்பதையும் எண்ணவேண்டும். தனிவீட்டின் எச்சரிக்கைக்கு எல்லையுண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதியிலே வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது, தரமான ரெகுலேற்றரும் குழாயும் வாங்கியவர்களும் அஞ்சியே அடுப்பை மூட்டினர். வாயுக் கலவையின் விகிதம் மாறியமையை விசாரணைக் குழு முக்கிய காரணமாகக் காட்டியது. அதனை எந்த இல்லத்தரசி சோதித்தறிய முடியும்? பொதுக் கண்காணிப்பே அங்கே காவல்.

1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர் தம் சிறுபணத்தைத் திரட்டி ஒரு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்ஸ் மாவும் மெழுகுதிரியுமே அக்கடையின் பண்டங்கள். கலப்படமற்ற பொருளைச் சரியான நிறையில் பெறுதல் அவர்களுக்குப் பெரும் புதுமையாயிருந்தது. தனியே நல்லதை வாங்க இயலாதோர் கூடி வாங்கினர். நம் ஊர்களிலும் இதற்குச் சான்றுண்டு. அரிசியையும் மிளகாயையும் உரலிலே இடித்த பெண்களின் தோள்வலியைத் தீர்த்தது சந்தியிலுள்ள அரைக்கும் மில்லே. வீட்டுக்கொரு மில் எவரும் வாங்கவில்லை; ஊருக்கொன்று போதுமாயிருந்தது.

கூட்டுறவுச் சங்கங்கள் தரமான குக்கரையும் அடுப்பையும் மொத்தமாகக் கொள்வனவு செய்து, வட்டியின்றித் தவணையில் வழங்கலாம். சனசமூக நிலையங்கள் ஊர்க் கொத்தனாரைக் கொண்டு கூட்டாகப் புகைபோக்கிகள் அமைக்கலாம். சங்கக் கூட்டங்களிலே இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர ஆசிரியர்களும் மாணவர்களும் முன்வரவேண்டும்.

அதுவரை நம் வீட்டளவிலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்தமுறை கையிலே சிறிது மிகைப்பணம் சேரும்போது, எதை வாங்கலாம் என்று கடைக்காரரையோ அயல்வீட்டாரையோ கேளாது, நாள்தோறும் அடுப்பின் முன் நிற்பவரை முதலிற் கேட்போம். எங்கே வலிக்கின்றது என்று அவர் கூறும் விடையே அவ்வீட்டின் முதற்செலவாகுக.