சொன்ன சொல் தவறாத மாயம்

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்த மாயக்கதையைக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம். "எப்பப் பாரு மந்திரம், பூதம்னு படிச்சினு இருக்கான்ணா. பாடம் எப்படி ஏறும்?" என்று திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை, பயம் இருந்தது. கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளிக்குப் போய்வரும் மகன் நல்ல வேலையில் அமரும்வரை அவருக்கு அந்தப் பயம் ஓயாது. அதனால் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு உலகம் கடுமையானது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதக் கடைசியில், பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவில் கண் எரிய, மூச்சுத் திணற, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த இரவைப் பார்த்த பிள்ளையின் மனதில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: ஒருவர் செய்ததற்கு அவரே பதில் சொல்வாரா, இல்லை, ஒன்றும் அறியாதவர்கள்தான் அதைச் சுமக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஒரு சிறுவனின் உயரத்துக்குக் குனிந்து பேசுவது மாயக்கதைதான். நல்ல மாயக்கதையில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. வரத்துக்கு விலை உண்டு, வாக்குக்குக் காவல் உண்டு. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். வேதாளம் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அவன் தலை வெடித்துவிடும். திறந்தாலோ, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் இழப்புதான் என்று தெரிந்தும் ராஜா உண்மையைச் சொல்கிறான், திரும்ப மரத்தடிக்கு நடக்கிறான். தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பதை இதைவிட அழுத்தமாக எந்த நீதிப்பாடமும் என் மனதில் பதித்ததில்லை.

திருவொற்றியூரே இப்படிப்பட்ட கதைகளால் ஆன ஊர். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் தன்னைக் கட்டாதிருக்க, அந்த நேரத்துக்கு மட்டும் கோயிலை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கும்படி இறைவனிடமே வேண்டிக்கொண்டார். இறைவனும் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே கேள் என்று சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் நினைவில் ஊர் எல்லையைத் தாண்டியபோது அவருடைய கண்ணொளி போயிற்று. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் இந்தக் கதையின் நினைவாக இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் இறைவனுக்கே தோழர். ஆனாலும் கொடுத்த வாக்கு அவரையும் விடவில்லை. வலியவனுக்கு ஒரு நியாயம், எளியவனுக்கு ஒரு நியாயம் என்று பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி போதும், நிமிர்ந்து உட்கார.

ஆகவே மாயக்கதைகளைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அந்தக் கதையின் மாயம் தன் விதிக்குக் கட்டுப்படுகிறதா? நாயகனுக்குச் சிக்கல் வரும்போதெல்லாம் புதிதாக ஒரு மந்திரம் முளைத்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். மாறாக, ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் ரத்தத்தைக் குடித்தவன் சாவிலிருந்து தப்பலாம், ஆனால் அதன்பின் அவன் வாழ்வது சபிக்கப்பட்ட வாழ்வு. தமிழிலும் கிடைக்கும் அந்த நாவலைப் பன்னிரண்டு வயதுக்குத் தயங்காமல் கொடுப்பேன்.

வாசிப்பே பழகாத பிள்ளைக்கு முதலில் விக்கிரமாதித்தன் கதைகள். ஒரே மூச்சில் ஒரு கதை முடிந்துவிடும். அடுத்து வாண்டுமாமாவின் கதைகள். பத்து வயதுக்கு மேல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தவறாகத் தொடும் ஒருவரைப் பற்றி வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் சிறுமிக்கு ஒரு மரப்பாச்சி பொம்மை துணை நிற்கும் கதை அது. 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இன்றைய சிறுவனைக் கீழடியின் பழங்காலத்தோடு சேர்த்துவைக்கிறது. அதற்கும் அதே விருது, 2023இல். பனிமலையில் நடக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்'. பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்து க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' மட்டும் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் படிக்க வேண்டியது. நாம் பழக்கிய உயிருக்கு நாமே பொறுப்பு என்று அதில் நரி சொல்லும் இடத்தில் பெரியவர்களுக்குத்தான் அதிக வேலை இருக்கிறது.

மாயக்கதை படிப்பவன் கனவிலேயே மிதப்பான் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. இப்போது இருப்பதுதான் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிவிட்ட பிள்ளை எதையும் மாற்றத் துணியாது. காற்று வேறு மாதிரி இருக்கலாம், கழிமுகத்து நீர் தெளியலாம் என்று முதலில் மனதுக்குள் பார்த்தவர்தான் அதற்காக ஒரு நாள் மனு எழுதுவார், ஆய்வுக்கூடத்தில் நிற்பார், கேள்வி கேட்பார். அந்தப் பார்வைக்கான பயிற்சி பத்து வயதில் தொடங்குகிறது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். பிள்ளையைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப்போய் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். கொடுக்கப்போகும் புத்தகத்தை நீங்கள் முதலில் படியுங்கள். படித்து முடித்த பிள்ளையிடம் "இதுல என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலை, குறுக்கே பேசாமல், முழுதாகக் கேளுங்கள்.