காண்பதும் காட்டுவதும்: வீட்டு ஒளிப்பதிவுகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவருக்கு எழுதப்பட்ட கடிதத்தை மற்றொருவர் அனுமதியின்றிப் படிப்பது தகாது என்பதை நாம் அனைவரும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், ஒருவருடைய உருவமும் குரலும் அடங்கிய ஒளிப்பதிவைப் பலர் கூடியிருக்கும் மண்டபத்திலே போட்டுக்காட்டும்போது அத்தகைய கேள்வி எதுவும் நமக்கு எழுவதில்லை. உள்ளங்கையளவான வன்தட்டு ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திற் செருகுகிறோம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வீட்டு முற்றம் திரையில் விரிகிறது. வன்தட்டு யாருடையதோ, காட்டும் உரிமையும் அவருடையதே என எண்ணிக்கொள்கிறோம். இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பதிவுகள் தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கியது. ரூபவாகினி 1982இல் ஆரம்பமாயிற்று. அதே காலப்பகுதியில் வீடியோக் கருவிகளும் இங்கு வந்து சேர்ந்தன. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் கடல்கடந்து சென்றோர் தொகை பெருகியபோது, திருமணத்தையும் சாமத்தியச் சடங்கையும் மரணச் சடங்கையும் வீடியோ எடுத்து அனுப்பும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. வரமுடியாத அண்ணனுக்கும் மாமனுக்கும் வீட்டார் எழுதிய கடிதமே அந்த ஒளிநாடா எனலாம். அதற்கு ஒரு விலாசம் இருந்தது. ஊரார் எல்லோரும் எக்காலத்தும் பார்ப்பதற்காக அது எடுக்கப்படவில்லை.

அக்கடிதம் போய்ச் சேர்ந்த பின்னரும் அதனைப் படிப்பது எளிதாயிருக்கவில்லை. இலங்கையின் தொலைக்காட்சி முறை பி.ஏ.எல். எனப்படுவது, அது 625 கோடுகளும் செக்கனுக்கு 25 சட்டகங்களும் கொண்டது. கனடாவினதோ அக்காலத்தில் 525 கோடுகளும் ஏறத்தாழ 30 சட்டகங்களும் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையாக இருந்தது. எனவே யாழ்ப்பாணத்து நாடா ரொறன்ரோவின் சாதாரண இயந்திரத்தில் ஓடாது. மாற்றிப் பதிந்தே பார்க்கவேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, வீடுகளில் விட்டுச்சென்ற நாடாக்களும் அல்பங்களும் பெரும்பாலும் அழிந்துபோயின. இவ்வாறாக, அனுப்பியவரிடம் எதுவும் எஞ்சாமல், பெற்றவரிடமிருந்த பிரதியே மூலமாகிவிட்டது.

வீடியோ இயந்திரங்களைக் கடைசிவரை தயாரித்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016இல் அத்தயாரிப்பை நிறுத்தியது. நாடாக்களின் உள்ளடக்கம் எண்முறைக்கு மாற்றப்பட்டு, வன்தட்டிலேறி ஊர் திரும்பத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ இதுவே. திரும்பிவந்த பின்னரும் தடைகள் தீர்வதில்லை. வன்தட்டு ஒழுங்கமைக்கப்பட்ட முறையைத் தொலைக்காட்சி அறியாதிருக்கலாம். எஃப்.ஏ.ரி.32 என்னும் பழைய முறையிலோ 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பு எதுவும் அடங்காது. கோப்பின் பெயர் அறிமுகமானதாயிருப்பினும், உள்ளே பயன்பட்ட குறிமுறை பெட்டிக்கு விளங்காது போகலாம். வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் இவற்றையெல்லாம் சீர்செய்து, படம் திரையில் அசையத் தொடங்கியதும் அனைவரும் மகிழ்ச்சியடைகின்றனர். 'ஓடுமா?' என்ற கேள்விக்கு விடை கிடைத்தவுடன், 'ஓட்டலாமா?' என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாக நாம் மயங்குவது இவ்விடத்திலேதான்.

நான் உடனிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர், 1986இல் நடந்த தம் தங்கையின் சாமத்தியச் சடங்கை அயலவர் கூடியிருக்கப் போட்டுக்காட்டினார். மறைந்த தாயின் குரல் கேட்டபோது பலர் கண்கலங்கினர். பின்னர் தண்ணீர் வார்க்கும் காட்சி வந்தது. நனைந்த உடையுடன், வீடியோ வெளிச்சத்திற் கண்கூசி, தலைகுனிந்திருக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமி திரையிலே தோன்றினாள். அச்சிறுமி இன்று ஐம்பது கடந்த பெண்மணி; கதவருகே நின்றுகொண்டிருந்தார். "நிப்பாட்டு தம்பி, காணும்" என்று மருமகனிடம் கூறினார். படம் அப்படியே உறைந்து நின்றது.

அப்போது முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து திரையருகே சென்றார். சிறுமியின் தோளுக்குப் பின்னால், கதிரை சுமந்து செல்லும் பையன் ஒருவனின் உருவம் தெரிந்தது. 1996இல் காணாமலாக்கப்பட்ட அவருடைய மகன் அவன். "பிள்ளை, இன்னொருக்காப் போடச் சொல்லு. என்னட்டை இருக்கிற படத்திலை அவன் நிக்கிறான், இதிலை நடக்கிறான்" என்றார் அத்தாய். அவன் நடந்து மறையும் நேரம் 11 செக்கன். அந்த 11 செக்கனும் அச்சிறுமி திரையின் நடுவே இருக்கிறாள்.

ஒரே காட்சியை நிறுத்தும்படி ஒருவரும் மீட்டும் காட்டும்படி மற்றொருவரும் கேட்கின்றனர். யாருடைய கோரிக்கை வலியது?

அண்ணன் கூறியது எளிய விடை: நாடாவைக் காத்தவரும், பணம் கொடுத்து மாற்றுவித்தவரும் தாமே; ஆகவே முடிவும் தம்முடையதே. உழைப்பு உரிமையைத் தரும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வுரிமை தட்டின்மீதான உரிமை. தட்டிலுள்ள மனிதர்மீதான உரிமையன்று. கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தமாகலாம். எழுதியவரின் அந்தரங்கம் அவருக்குச் சொந்தமாவதில்லை. அன்றியும், அச்சிறுமி அக்கடிதத்தை எழுதியவளும் அல்லள். பெற்றோர் எழுதிய கடிதத்தில் அவள் ஒரு சொல்லாக வைக்கப்பட்டாள். அவளை எவரும் கேட்கவில்லை.

தாயின் தேவை கனமானது என்றும், ஒருவரின் கூச்சத்தைவிட மற்றவரின் துயரமே பெரிது என்றும் சிலர் வாதிக்கலாம். இவ்வாதத்தில் மனிதாபிமானம் உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. பிறருடைய துயரத்தின் பேரால் ஒருவருடைய மானத்தை மூன்றாமவர் எடுத்து வழங்குவது ஈகையாகாது. தம்முடையதைக் கொடுப்பதே ஈகை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலன் பார்த், நிழற்படக்கலை பற்றி 1980இல் வெளியிட்ட தமது நூலில், மறைந்த தம் தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றி விரிவாக எழுதுகிறார். வேறு பல படங்களை அச்சிட்ட அவர், அப்படத்தை மட்டும் அச்சிடவில்லை. தமக்கு உயிரான அது, பிறருக்குப் பத்தோடு பதினொன்றான படமாகவே தோன்றும் எனக் கருதினார். காட்டாதிருத்தலும் அன்பின் ஒரு வடிவமாதல் இங்கு நோக்கற்பாலது. எனினும் பார்த்தின் நிலைமையினும் நமது நிலைமை சிக்கலானது. ஒரே படத்தில் இருவருக்கு உயிர் இருக்கும்போது, காட்டாதிருத்தலும் ஒருவருக்கு இழைக்கும் அநீதியாகலாம்.

இச்சிக்கலை விளங்கிக்கொள்ள உடைமை என்ற கருத்தினும் அடைக்கலம் என்ற கருத்தே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் கண்ணகியை ஆய்ச்சியாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாது போனபோது மாதரி தீப்புகுகிறாள். அடைக்கலப் பொருளை வைத்திருப்பவருக்குக் கடமைகள் பலவுண்டு. விரும்பியவாறு கையாளும் உரிமை இல்லை. காத்தல், உரியவருக்கு மறையாதிருத்தல், உரியவர் அல்லாதாரிடம் பரவாது தடுத்தல் ஆகிய மூன்றும் அக்கடமைகளுள் முதன்மையானவை. நாடாவைப் படியெடுக்கக் கருவியும் நேரமும் வேண்டியிருந்தன. வன்தட்டிலுள்ளதைச் சில நிமிடங்களிற் படியெடுக்கலாம். ஓடும் திரையைக் கைத்தொலைபேசியிற் பதிந்து உலகெங்கும் அனுப்பலாம். ஆதலால் மூன்றாவது கடமை இன்று முன்னிலும் கடினமாயிற்று.

அவ்வீட்டில் நடந்ததைக் கூறி முடித்தல் நன்று. சிறுமியின் உருவத்தை மட்டும் மங்கலாக்கித் தரலாம் என மருமகன் யோசனை கூறினான். "என்ரை முகத்தை மறைச்சால், நான் ஏதோ பிழை செய்தவள் மாதிரியெல்லோ இருக்கும்" என்று அவர் மறுத்துவிட்டார். இரண்டு நாட்களின் பின்னர் அவரே அம்முதியவரை அழைத்துவந்தார்; கதவைச் சாத்தி, அருகில் அமர்ந்து, கேட்ட தடவையெல்லாம் அந்த 11 செக்கனையும் போட்டுக்காட்டினார். "மாமி, நீங்கள் எப்ப வந்தாலும் போடுவன். ஆனால் இது இஞ்சைதான் இருக்கும்" என்றார். அண்ணன் அக்கோப்பைத் தங்கையிடமே விட்டுச்சென்றார்.

பெற்ற மகன் நடப்பதைக் காண ஒரு தாய் அயல்வீட்டுப் படலையைத் திறந்து வரவேண்டியிருப்பது முழு நீதியென்று நான் கூறமாட்டேன். ஆயினும், அங்கே கொடுத்தவர் தம்முடையதையே கொடுத்தார். வாங்கியவர் எவரையும் சிறுமைப்படுத்தாது வாங்கினார். இப்போது அக்கோப்பு ஒருவருக்கு நாணமும் மற்றொருவருக்கு மகனுமாக ஒரே தட்டில் இருக்கிறது. வன்தட்டு விழுந்தால் உடையும். விழாவிடினும் ஒருநாள் பழுதுபடும். அதனாற்போலும், அப்பெண்மணி அண்மையில் இரண்டாவது வன்தட்டு ஒன்றை வாங்கி அக்கோப்பை அதிலும் பதிந்து வைத்திருக்கிறார். தாம் பார்க்க விரும்பாத ஒரு படத்தை மற்றொருவருக்காக அழியாது காத்துவருதலே அடைக்கலம் என்பதன் பொருள்.