பாசிக்குப் போகிறவளின் தொழில்

கல்வி உதவித்தொகைப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை ஆண்டுதோறும் என் தலையில்தான் விழும். சில ஆண்டுகளுக்கு முன், ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி தன் படிவத்தில் தந்தையின் தொழில் ‘மீனவர்’ என்றும் தாயின் தொழில் ‘இல்லத்தரசி’ என்றும் எழுதியிருந்தாள். அவள் அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர் என்பதை, நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் அவளே சொல்லியிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. “அம்மாவோட உழைப்பை நீயே மறைக்கலாமா?” என்று கேட்டுவிட்டேன்.

“மறைக்கல மேடம். எழுதினா வாக்குமூலம் மாதிரி ஆயிடும்.”

பெண்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, அதைத் தெரியவைக்க வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். யார் கண்ணுக்கு என்று ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பும் கண்ணில் நீச்சல் கண்ணாடியுமாக மூச்சடக்கி மூழ்குகிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் பாசிகளைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் அகர், துணிக்குச் சாயம் அச்சிட உதவும் அல்ஜினேட் எல்லாம் இப்படிப்பட்ட பாசிகளிலிருந்துதான் வருகின்றன. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் அந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. பாட்டியும் அம்மாவும் இறங்கிய அதே நீரில் மகள் இறங்கினால் இப்போது அத்துமீறல்.

பாறை மிதிபடுகிறது என்ற அறிவியலாளர்களின் கவலை பொய்யல்ல. பவளப்பாறையில் கால் வைத்தால் அது உடையும், யார் கால் என்று அது பார்க்காது. ஆனால் அந்தப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்தவர்கள் இந்தப் பெண்கள் அல்ல. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. இழுவைமடி விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது அது. மீறினால் விதிமீறல். தீவோரம் பாசி பறிப்பவள் மீது பாய்வது 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அடித்தளத்தையே வாரிக்கொண்டு போகும் மடி மீன்வளத் துறையின் கோப்பில் கிடக்கிறது. வலைப்பை கட்டியவள் வேட்டைக்காரர்களின் கோப்பில் இருக்கிறாள்.

இன்னொன்று. அங்கே வேறொரு பாசியும் உண்டு. கப்பாபைகஸ் என்ற அந்த அயல்பாசி, 2000களின் தொடக்கத்தில் குளிர்பான நிறுவனம் ஒன்றின் முயற்சியால் வணிகப் பயிரானது. பிறகு குருசடைத் தீவருகே பவளத்தின் மேலேயே அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதை மிதவையில் கட்டி வளர்த்தால் மானியம், சுயஉதவிக்குழு, புகைப்படம். தானாக விளையும் பாசியைப் பறித்தால் குற்றம். இந்த ஏற்பாட்டை எந்தச் சூழலியல் கொண்டும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

தடைக்காலத்தையும் பார்க்க வேண்டும். மீன்கள் இனம்பெருக்கட்டும் என்று 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017இலிருந்து கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நல்ல விதிதான், வேண்டிய விதியும்கூட. நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆகியிருக்கிறது. ஆனால் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் ஒரே ஒரு தொழில்தான் இருப்பதாக அரசு நினைக்கிறது. ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்பவளுக்கு அந்த 61 நாளும் வரத்து குறைவு, கிடைப்பதும் யானை விலை. அவள் வாங்கிய கந்துவட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. மீனவ மகளிருக்கென்று ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அவள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தரும். ஆனால் விதி வகுக்கும்போது அவளைக் கேட்பதும், வகுத்த பிறகு அவளுக்குப் பணம் கொடுப்பதும் ஒன்றாகாது.

‘மீனவர்’ இலக்கணப்படி பலர்பால். ஆணும் பெண்ணும் அதற்குள் அடக்கம். வழக்கிலோ அது படகில் போகும் ஆண். ‘மீனவப் பெண்’ என்றால் ஒரு சாதியில் பிறந்தவள், அந்தத் தொழிலைச் செய்கிறவள் அல்ல. சங்கக் கவிதையில் மீனை உலர்த்திப் பறவைகளிடமிருந்து காத்துக்கொண்டிருக்கும் பெண்ணை நாம் தலைவியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவள் அப்போது வேலையில் இருக்கிறாள் என்று நான் பாடம் நடத்தியதில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2022இல் தந்த கணக்கில், மீன்பிடிப்பிலும் வளர்ப்பிலும் நேரடியாக இருப்போரில் பெண்கள் 21 சதவீதம். பிடிப்பதற்கு முன்னும் பின்னுமான வேலைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய பாதி. எங்கே கோடு கிழிக்கிறோம் என்பதில் இருக்கிறது பெண்ணின் எண்ணிக்கை.

பொதுவளம் யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோரும் சுரண்டி அழிப்பார்கள் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அரசின் வேலியோ தனியார் உடைமையோதான் வழி என்று பலரும் அதிலிருந்து முடிவுகட்டினார்கள். மக்கள் தாங்களே விதி செய்து வளத்தைக் காத்த இடங்களைத் தேடிப் போனவர் எலினார் ஆஸ்ட்ரோம். துருக்கியின் அலன்யா ஊர் மீனவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொண்டதை அவர் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டும் கருவி கூடாது என்று மன்னார் வளைகுடாப் பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருப்பதை அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். சின்னப்பாலத்தின் லட்சுமிக்கு 2015இல் சீக்காலஜி விருது கிடைத்தது இந்தத் தலைமைக்காகத்தான். அந்த 18 நாள் துறப்புக்கு நிவாரணம் எதுவும் இல்லை. உத்தரவில்லாமல் செய்த கட்டுப்பாடு கணக்கில் வராது போலும்.

ஆஸ்ட்ரோமோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘சமூகத்திடம் விடுங்கள்’ என்று சொல்லிவிட்டால் போதாது. நம் கடற்கரை ஊர்ப் பஞ்சாயத்துகள் பலவற்றில் பெண் உட்கார்ந்ததே இல்லை. சிறுதொழில் மீன்பிடிப்புக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2014 ஜூனில் ஏற்கப்பட்டபோது, பாலினச் சமத்துவத்துக்குத் தனி அத்தியாயமே அதில் இருந்தது. அவை உருவாக அயராது உழைத்தவர்களில் ஒருவர் சென்னையிலிருந்து இயங்கிய சந்திரிகா சர்மா. மூன்று மாதம் முன்பு, மார்ச் 8 அன்று, காணாமல்போன மலேசிய விமானத்தில் அவர் இருந்தார். மகளிர் தினம். அந்த ஆவணம் அவருக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாத, தன்விருப்ப ஆவணம்.

கண்ணில் படாமலிருப்பது அநீதி என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் குற்றவாளியாக மட்டுமே பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பதும் என் கொள்கைக்காக அவளைச் செலவழிப்பதுதான். அந்தப் பெண்கள் கேட்பது பாசி சேகரிப்பவர் என்று அரசு எழுதித் தரும் ஓர் அட்டை. அது வரும்வரை எழுதுவதா மறைப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள், நான் அல்ல.

படிவத்தில் எதையும் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தாயின் ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் அவள் ஒரு கோடு போட்டிருந்தாள். அந்த மாதம் அவளுடைய விடுதிக் கட்டணம் பாசிப் பணத்தில் வந்திருந்தது.