கூடுதல் நாள் கேட்கும் முன்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். தமிழ்நாட்டில் 2024-25ஆம் கல்வியாண்டுக்கு 220 வேலை நாள் என நாட்காட்டி வந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்கவே 210 ஆனது. அந்தப் பத்து நாளைக் குழந்தையிடமிருந்து கேட்க அரசுக்கு எப்போது தகுதி வருகிறது?

வேலை நாட்களைக் கூட்டுவதற்கான நியாயம் வலுவானது. மே மாதம் பள்ளி மூடினால் வசதியுள்ள பிள்ளைக்கு நீச்சல், அபாகஸ், கதைப் புத்தகம் என்று வேறு கதவுகள் திறக்கின்றன. கூலி வேலை செய்வோரின் பிள்ளைக்குச் சத்துணவு நிற்கிறது, காலை உணவும் நிற்கிறது. பிப்ரவரியில் தடுமாறாமல் போட்ட கழித்தல் கணக்கு ஜூனில் கைக்கு வராது.

ஆனால் இருக்கும் நாட்களின் கதை என்ன? ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டு, இடையில் பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவையும் முடிக்க வேண்டும். தேர்தல் பணியையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சட்டத்தின் 27ஆம் பிரிவே ஆசிரியர் தலையில் வைக்க இடம் தருகிறது. பதிவேட்டில் அப்படிப்பட்ட நாளும் முழு வேலை நாள். பிள்ளைக்கோ சும்மா உட்கார்ந்து எழுந்த நாள். பிள்ளை வராவிட்டால் காரணம் கேட்கிறோம். பாடம் நடக்காவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? இந்தக் கடனை அடைக்காமல் மேலும் பத்து நாள் கேட்பது அநீதி.

விடுமுறையும் வெற்று நேரமல்ல. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றிருக்கிறது. வெயிலும் இருக்கிறது: 2023, 2024 இரண்டு ஆண்டும் ஜூனில் பள்ளி திறப்பதே தள்ளிப்போனது.

ஆகவே முதல் செலவு, விடுப்பிலோ பயிற்சியிலோ இருப்பவருக்குப் பதிலாக வரும் மாற்று ஆசிரியருக்கும், பதிவு வேலைக்குத் தனி ஆளுக்கும் ஆகட்டும். அதன்பின், தேவைப்படும் ஊர்களில் மே மாதக் காலைகளில் பள்ளியைத் திறக்கலாம்: உணவு, நூலகம், பின்தங்கியவர்களுக்கு வாசிப்பும் கணக்கும். வரும் ஆசிரியருக்குத் தனி ஊதியம் வேண்டும். வராத பிள்ளைக்கு வருகைக் குறைவு எழுதக் கூடாது.