அடியானும் அவன் உடம்பும்

எம்பெருமான் திருவடிகளிலே தன் பாரம் முழுவதையும் வைத்துவிட்ட அடியான் ஒருவன், அதன்பின் தன் உடம்பைக் குறித்துக் கவலை கொள்ளலாமோ? மருந்து உண்பதும், பத்தியம் காப்பதும், நாள்தோறும் நடந்து பழகுவதும் விசுவாசக் குறைவின் அடையாளங்கள் ஆகாவோ? விழாக் காலங்களில் அன்பர்கள் சேர்ந்து பேசும் இடங்களில் இவ்வினா பலகாலும் எழக் கேட்கிறோம். ‘எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லி மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஒதுக்கிவிடுகிறவரும் உளர். அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு மூன்றாம் முறையாகச் சர்க்கரைப் பொங்கலுக்குத் தொன்னையை நீட்டுகிறவரும் உளர். இரண்டாமவருக்குப் பெருமாளைவிடத் தம் நாவின்மேல் பற்று மிகுதி போலும்!

ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் சரீரம் என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, ஓர் ஆன்மாவினால் எப்போதும் தாங்கப்பட்டும் ஆளப்பட்டும் அவ்வான்மாவுக்கே உரியதாயும் இருக்கும் பொருள் அதன் சரீரம் என்று அருளிச்செய்தார். உயிர்களும் உலகமும் ஆகிய அனைத்தும் இம்முறையிலே எம்பெருமானுக்குச் சரீரமாகின்றன. அங்ஙனமாயின், ‘என் உடம்பு’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் இதுவும் அவன் உடைமையே. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. திருவிளக்குக்கு நெய் வார்க்கும் பணியாளன் ஒருவன், ‘விளக்கு பெருமாளுடையது, அவரே பார்த்துக்கொள்வார்’ என்று வாளா இருந்துவிட்டால் அதனைப் பக்தி என்று யார் சொல்லுவர்? சரணாகதியில் நாம் இறக்கி வைப்பது உய்வுக்கான பாரத்தை. ஒப்படைத்த பொருளைக் காக்கும் கடமை அதில் சேராது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணனும், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிக உறங்குபவனுக்கும் உறக்கமே ஒழித்தவனுக்கும் யோகம் கைகூடாது என்றே உபதேசிக்கிறான்.

இது வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடவில்லை என்பதற்குக் கல்லிலே சான்று உண்டு. காஞ்சிக்கு அண்மையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் திருக்கோயில் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அக்கோயிலைச் சார்ந்து வேதம் ஓதும் மாணாக்கர்க்குப் பள்ளியும் விடுதியும் நடந்தன. அவற்றோடு ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு அளக்கவேண்டிய நெல்லையும், கடுக்காய் சேர்ந்த மருந்துகள் முதலாக இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அச்சாஸனம் வரிசையாகக் கூறுகிறது. பெருமாளுடைய அமுதுபடிச் செலவு எழுதிய சுவரிலேயே அடியார்களின் மருந்துச் செலவையும் எழுதி வைத்தார்கள். அதனை அவிசுவாசம் என்று அக்காலத்து எவரும் எண்ணியதாகத் தோன்றவில்லை.

சரி, உடம்பைப் பேண வேண்டும் என்பது விளங்கிற்று. ஆயினும் மனம் எழவில்லையே என்பார் பலர். விடியலில் எழுந்து நடக்கத் தொடங்கி எட்டாம் நாளில் நிறுத்திவிட்டோர் தொகை சிறிதன்று. ஊக்கம் என்பது எங்கிருந்தோ ஒருநாள் வந்து நம்மை எழுப்பும் என்று காத்திருப்பதே இதில் நேரும் பிழை. ஆண்டாள் நாச்சியார் இவ்விஷயத்தில் நமக்குப் பேராசிரியை ஆகிறாள். திருப்பாவையை நோன்பு நூலாகவே கொண்டு நோக்குக. ஆய்ச்சியர்க்கு நெய்யையும் பாலையும் விலக்குவது எளிய செயலா? அவர்கள் வீட்டில் நிறைந்து கிடப்பவை அவையே. அவற்றை விலக்கி, பனிக்காலத்து வைகறையில் நீராடும் புதியதொரு வாழ்க்கையை அப்பெண்கள் மேற்கொள்கிறார்கள். அதற்கு எல்லை ஒரே ஒரு திங்கள். வாழ்நாள் முழுமைக்குமான சபதம் அங்கே இல்லை. அன்றியும் ஒருத்தியும் தனியே செல்வதில்லை. ஆறாம் பாசுரம் தொடங்கிப் பதினைந்தாம் பாசுரம் ஈறாகப் பத்து வீட்டு வாசல்களில் நின்று பத்துப் பெண்களை எழுப்புகிறார்கள். அவர்களுள் நன்றாக உறங்குகிறவளும் உண்டு, எழுந்தும் எழாதவள்போல் கிடக்கிறவளும் உண்டு, முதல்நாள் பெரிதாக வாய்ச்சொல் வழங்கியவளும் உண்டு. நம் வீடுகளில் காணாதவர் யார் அதில் இருக்கிறார்? ‘அவள் வராவிட்டால் போகட்டும்’ என்று நாச்சியார் ஒருத்தியையும் விட்டுச் செல்லவில்லை. பிறகு இருபத்தேழாம் பாசுரத்திலே, விலக்கிய நெய்யும் பாலும் திரும்பி வருகின்றன; கூடாரவல்லி நாளில் அனைவரும் சேர்ந்தே உண்கிறார்கள். சிறிது காலம், துணையோடு, முடிவில் ஒரு மகிழ்ச்சி என்னும் இம்முறையை விட நல்லதொரு முறையை இன்றைய மருத்துவ அறிஞர்கள் சொல்லக் கேட்டிலோம். வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் முதலிய முயற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அண்டை வீட்டார் இருவரை வாசலில் நின்று அழைத்துக்கொண்டு, திருவீதிகளை வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வலம் வந்தால் அக்கணக்கு நிரம்பிவிடும்.

‘இது நம் வழக்கமன்று’ என்று புதியதைத் தள்ளுவோர்க்கும் ஒரு வார்த்தை. 1498-ல் போர்த்துகீசியர் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய பின்னரே மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. திருமடைப்பள்ளிகள் பல இன்றும் மிளகையே ஆள்கின்றன. நம் அடுக்களைகளோ மிளகாயின்றி ஒருநாளும் நடவா. நாவுக்கு இனித்த புதுமையை வழக்கமாக்கிக்கொண்ட நாம், உடம்புக்கு நன்றான புதுமையை மட்டும் வழக்கமன்று என்று மறுப்பது நேர்மையாகாது. உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னால் முகம் சுளிக்கிறோம். கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரில் ஒப்பிலியப்பன் உப்பில்லாத அமுதையே நாள்தோறும் கண்டருளுகிறான். அந்தப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டவர்கள், வீட்டுக் குழம்பில் ஒரு சிட்டிகை குறைந்ததற்காக இல்லாளைக் கடிந்துகொள்வது வேடிக்கையே.

இனி, மெய்யாகவே இடர்ப்படுகிற அன்பர்களுக்கு வருவோம். நீரிழிவு உடையவர் சந்நிதியில் அக்காரவடிசிலை மறுத்தால் அபசாரமாகுமோ? மாத்திரையோ ஊசியோ கொள்பவர் ஏகாதசியில் உபவாசம் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமுற நேரும், இராவிட்டால் விரதபங்கமோ? இவை நகைத்துத் தள்ளத்தக்க ஐயங்கள் அல்ல. இவற்றால் உள்ளம் நைபவர்கள் பக்தியில் மேம்பட்டவர்களே. பிரசாதத்தின் பெருமை அளவில் இல்லை. ஒரு பருக்கையை வாயில் இட்டு, எஞ்சியதை அருகில் நிற்கும் அடியார்க்குக் கொடுத்தால் இருவரும் பெற்றவர்களே ஆவர். ஏகாதசி விதியோ எட்டு வயதைக் கடந்து எண்பது நிரம்பாதவர்களுக்கே உரியது. நீர், கிழங்கு, கனி, பால் முதலாக விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று கூறும் பழைய வசனம் மருந்தையும் அவ்வெட்டினுள் எண்ணுகிறது. ஆகவே, மருத்துவரைக் கேட்டு, அவர் வேண்டாவென்றால் பாலும் பழமும் மருந்தும் கொண்டு அந்நாளைத் திருநாம சங்கீர்த்தனத்தில் கழிக்கலாம். மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்கனியும் சுண்டைக்காயும் இலையில் வரும். அவற்றை ஒதுக்காமல் உண்க.

உடலை வளர்ப்பதே உலகப் பற்று என்று இன்னும் ஐயுறுவோர் பிள்ளை உறங்காவில்லி தாசரை நினைக்க. உறையூரில் மல்லராய் வாழ்ந்தவர். விழாக் கூட்டத்தின் நடுவே மனைவி பொன்னாச்சிக்குக் குடை பிடித்து வந்தவர். எம்பெருமானார் காட்ட அரங்கன் திருக்கண்களைக் கண்ட அன்றே ஆளானவர். ஆளானபின் அந்த உரமேறிய உடம்பை அவர் வாட்டி ஒழித்துவிடவில்லை. பெருமாள் புறப்பாட்டின்போது உருவிய வாளோடு முன்னே காவலாக நடந்தார். எம்பெருமானார் காவிரியில் நீராடித் திரும்பும்போது கைகொடுத்துச் சாய்ந்து வந்தது அந்த மல்லருடைய தோளின்மேல்தான்.