பதிவாகாத குரல்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) குரலில் ஓர் இசைத்தட்டுகூட இல்லை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளப் படையே சூழப் பாடியவர். பார்வையிழந்த ஜெர்மானிய ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்காவோ பாஹின் ஆர்கன் படைப்புகளை இருமுறை பதிவுசெய்து வைத்தார்.

நேரில் கேட்பதுதான் சங்கீதம்னு சொன்னா அழகாத்தான் இருக்கு. பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படி வாய்க்கும்? மறைவது கலையின் இயல்பு, சரி. வர முடியாதவருக்கும் பின்னால் பிறப்பவருக்கும் கலைஞர் கடன்பட்டவர் இல்லையா? கடன்பட்டவர் என்றே நினைக்கிறேன்.

அதே ஊரில் வளர்ந்த டி.கே.பட்டம்மாள் சிறுவயதில் அவர் கச்சேரிகளைக் கேட்டே பல்லவியில் ஊறினார். பெண்களுக்குப் பல்லவி எதற்கு என்று கேட்ட காலத்தில் மேடையில் பாடினார். அவருடைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் நாயனாப் பிள்ளை எவ்வளவு, பட்டம்மாள் எவ்வளவு என்று பிரித்தறிய இப்போது வழியில்லை.