வீடே பணித்தளம்

தியானப் பகுதி: 1 தெசலோனிக்கேயர் 2:1-12

அப்போஸ்தலனாகிய பவுல் விவாகம் செய்யாதவர். சொந்த வீடும் பிள்ளைகளும் அவருக்கு இல்லை. ஆயினும் தெசலோனிக்கேயாவில் தாம் செய்த ஊழியத்தை நினைவுகூரும்போது, அவர் தாயையும் தகப்பனையும் உவமையாகத் தேடுகிறார். பிரசங்கமேடையின் சொற்கள் அவருக்குப் போதவில்லை. செய்தியை மட்டும் அல்ல, தங்களையே கொடுத்துவிட்டதாக எழுதுகிறார். எவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் கைகளால் உழைத்ததையும் சேர்த்தே சொல்கிறார். அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்த வாழ்க்கை அது. அவர்களையே சாட்சிகளாக அழைக்கவும் அவர் அஞ்சவில்லை.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இந்த அதிகாரம் எளிதாக விளங்கும். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆற்காடு முதலான பகுதிகளிலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறின. அவர்களுக்கு அமைந்தவை லைன் வீடுகள். மூங்கில் தட்டியே சுவராயிருந்த நாட்களில், ஒரு வீட்டின் ஜெபமும் சண்டையும் மறுவீட்டிற்குக் கேட்டன. பூமிக்கடியில் பாறை வெடித்து வீடுகள் அதிரும்போது, எவர் கணவன் எந்த ஷிஃப்டில் இறங்கியிருக்கிறான் என்பது லைன் முழுவதற்கும் தெரிந்திருந்தது. சுரங்க வாயிலுக்கு ஓடிய பெண்கள், தன் வீட்டுக்காரன் என்றும் பிறர் வீட்டுக்காரன் என்றும் பிரித்து அழவில்லை. மறைந்து வாழ இடமில்லாத அந்த வீடுகளில் விசுவாசியின் மெய்யான குணம் ஒரே வாரத்தில் வெளிப்பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக் காட்டிலும் திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியே பெரிய சோதனை.

இந்தத் தங்கவயலுக்கு ஜப்பானியர் வந்தார்கள் என்பது இன்றைய இளையோர் பலர் அறியாத செய்தி. பொன்னைத் தேடி அவர்கள் வரவில்லை. பூமியின் மேற்பரப்பில் மற்றத் துகள்களின் இரைச்சலால் மறைந்துபோகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிய, ஆழமான ஓரிடம் விஞ்ஞானிகளுக்குத் தேவைப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். விண்கதிர்களால் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின் அடையாளத்தை 1965-ஆம் ஆண்டு அங்கே கண்டனர். பின்னர் 1980-களில் புரோட்டான் சிதைவைப் பற்றிய ஆராய்ச்சியிலும் ஒசாகா விஞ்ஞானிகள் பங்குகொண்டனர். தமிழ்த் தொழிலாளர் இறங்கிய அதே கேஜில் அவர்களும் இறங்கினார்கள். அவர்கள் கண்ட துகள்களைப் பௌதிக நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. எவர் வீட்டுத் திண்ணையில் அவர்கள் அமர்ந்தார்கள், எவர் கையால் உண்டார்கள் என்பது பௌதிக நூல்களின் விஷயமல்ல. திருச்சபை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் ஜப்பானியரின் வருகை நின்றுவிடவில்லை. பெங்களூரை அடுத்த பிடதியில் டொயோட்டாவின் கார் தொழிற்சாலை 1999-ஆம் ஆண்டிலேயே உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. 2013-ஆம் ஆண்டு கோலார் மாவட்டத்து நரசாபுரத்திலேயே ஹோண்டாவின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அன்று தூரதேசமென்று எண்ணி ஜெபித்த ஜனம், இன்று ஒரே மாவட்டத்தின் சாலையில் பயணிக்கிறது. ஜப்பானில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே கிறிஸ்தவர். அங்கே கடந்து செல்ல ஒரு மிஷனெரி குடும்பத்திற்கு எத்தனை ஆண்டு ஆயத்தம் வேண்டும்! இங்கேயோ, கர்த்தர் ஒரு கதவை அண்டையிலேயே வைத்திருக்கிறார். அந்தக் கதவை எப்படித் தட்டுவது?

பார்க்லே பக்ஸ்டன் என்னும் ஆங்கிலக் குருவானவர் தம் மனைவி மார்கரெட்டுடன் 1890-ஆம் ஆண்டு ஜப்பான் சென்று, மட்சூயே என்னும் நகரில் குடியமர்ந்தார். அடிமைகளின் விடுதலைக்காகப் பாராளுமன்றத்தில் போராடிய தாமஸ் ஃபவெல் பக்ஸ்டனின் வழிவந்தவர் அவர். செல்வக் குடும்பத்துப் பிள்ளையாகிய அவர், பெருநகரங்களை விட்டு மேற்குக் கடற்கரையோரத்து ஊரைத் தெரிந்துகொண்டார். 1893-ஆம் ஆண்டு அந்த வீட்டிற்கு வந்து சேர்ந்த இளம்பெண்தான், பின்னாளில் டோனாவூரின் தாயாக விளங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையார். இந்தியாவை அறியுமுன் அவர் ஊழியம் கற்றது ஜப்பானியரின் வீடுகளில்.

மட்சூயேயில் நோயுற்றிருந்த ஒரு முதியவளைக் காணக் குளிர்நாளொன்றில் ஏமி சென்றார். மிசாக்கி சான் என்னும் ஜப்பானியச் சகோதரி மொழிபெயர்த்தார். முதியவள் கவனமாய்க் கேட்டாள். அவளுடைய உள்ளம் திறப்பதுபோல் தோன்றியது. அந்நேரத்தில் அவள் கண்கள் ஏமியின் கைகளில் இருந்த உரோமக் கையுறையின்மேல் விழுந்தன. அவள் அத்தகைய பொருளைக் கண்டதில்லை. அது என்னவென்று கேட்டாள். அதன்பின் அவள் கவனம் சுவிசேஷத்திற்குத் திரும்பவில்லை. ஏமி வீடு திரும்பினார். மேனாட்டு உடையைக் களைந்து கிமோனோவை உடுத்திக்கொண்டார். பின்னர் 1895-ஆம் ஆண்டு பெங்களூர் வந்து, திருநெல்வேலிச் சீமையில் சேலை உடுத்திக் கிராமம் கிராமமாகச் சென்றதும் அந்த முதியவளின் அறையில் கற்ற பாடத்தால்தான்.

கையுறை பாவமான பொருளன்று. குளிருக்கு அது தேவைப்பட்டது. தடையாக நின்றது தீமையன்று, நியாயமான ஒரு வசதி. இதுவே இச்சம்பவத்தில் மனதைத் தைப்பது. அண்டை வீட்டாருக்கும் தனக்கும் நடுவே நிற்கும் நியாயமான வசதி எதுவென்று ஒவ்வொரு குடும்பமும் தானே கண்டுகொள்ள வேண்டும். சில வீடுகளில் அது தொலைக்காட்சியாக இருக்கலாம். சில வீடுகளில் ஓயாத கூட்டங்களாகவும் இருக்கலாம்.

ஜப்பானியரின் இல்லத்தில் இன்னொரு காரியத்தையும் அறிந்து நடக்க வேண்டும். அநேக வீடுகளில் முன்னோரின் பெயர்கள் எழுதிய பலகைகளுடன் ஒரு சிறு பீடம் உண்டு. அவர்களுக்குமுன் சோறும் நீரும் வைப்பர். அவ்வீட்டு மருமகள் கிறிஸ்துவை விசுவாசித்தால், அவள் முன்னோரைக் கைவிட்டவள் என்று எண்ணப்படுகிறாள். குலதெய்வமுள்ள குடும்பத்திலிருந்து வந்த தமிழ் விசுவாசிக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அவசரப்படுத்தாமல், பெரியோரைக் கனப்படுத்தி, குடும்பம் முழுவதையும் மனதில் கொண்டு பழகுவதே அன்பு. நட்பைத் தூண்டிலாக்குகிறவர் விரைவில் அடையாளம் காணப்படுவார். ஜப்பானியக் குடும்பம் ஒருபோதும் விசுவாசத்திற்கு வராமற்போனாலும் அந்த நட்பு நிற்குமா என்பதே அதற்குரிய பரீட்சை.

வீட்டிற்குள் விசுவாசம் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதற்கும் ஜப்பானே சாட்சி. தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் 1549-ஆம் ஆண்டு ககோஷிமாவில் இறங்கினார். 1614-ஆம் ஆண்டு நாடெங்கும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த ஆலயத்தில் பெயர் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. கிறிஸ்துவின் உருவத்தைக் காலால் மிதித்துக் காட்டும்படி ஜனங்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். குருமார் இல்லை, ஆலயம் இல்லை, அச்சிட்ட வேதாகமம் இல்லை. 1865 மார்ச் மாதம் நாகசாகியின் புதிய ஆலயத்தில் நின்ற பிரெஞ்சு குரு பெட்டிஷானிடம் உராகாமி கிராமத்தார் சிலர் நெருங்கி வந்து, தங்கள் உள்ளமும் அவருடையதும் ஒன்றே என்று மெல்லத் தெரிவித்தனர். இரண்டரை நூற்றாண்டுகளாகத் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லி, தாய் மகளுக்குச் சொல்லி, அடுப்படியிலும் படுக்கையண்டையிலும் காக்கப்பட்ட விசுவாசம்! போதனையில் சில சிதைவுகள் நேர்ந்தன. ஆனாலும் விளக்கு அணையவில்லை.

இங்கேதான் தங்கவயலின் துயரம் நினைவுக்கு வருகிறது. சுரங்கம் மூடியபின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இரயிலே பல வீடுகளுக்குப் பிழைப்பு. பிள்ளைகள் விழிக்குமுன் தகப்பன் புறப்படுகிறான். அவர்கள் உறங்கியபின் திரும்புகிறான். குடும்ப ஜெபத்திற்கு நேரம் எங்கே என்று கேட்பவனைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. முழுநேர ஊழியரின் வீட்டிலும் இதே காயம் உண்டு. ஊரார் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடம் சொல்லும் தகப்பனைத் தன் பிள்ளை காண்பதில்லை; எந்நேரமும் விருந்தினருக்குத் திறந்திருக்கும் வீட்டில் மனைவிக்கு அழவும் ஓர் அறை இல்லை. பவுல் சொன்ன தகப்பன், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே தேற்றுகிறவன். அந்தத் தனிமையான நேரத்தை, ஞாயிறு பிற்பகலில் கால்மணியாகிலும், தன் வீட்டிற்குக் கொடாதவன் அண்டை வீட்டிற்கு எதைக் கொண்டுபோவான்?

கொண்டுபோகப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. மேனாட்டார் ஜப்பானில் முயன்று கற்ற சில காரியங்கள் தமிழ் வீட்டில் பிறப்பிலேயே உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைவது இரு ஜனத்திற்கும் பொதுவான வழக்கம். புதிய வீட்டிற்குக் குடிவந்த ஜப்பானியர், சிறு அன்பளிப்போடு தாமே அண்டை வீட்டாரைக் கண்டு வணங்குவது அந்நாட்டு மரபு. பெற்ற அன்பளிப்புக்கு மறு அன்பளிப்புத் தராமல் இருக்கமாட்டார்கள். தங்கவயலின் லைனிலும், குழம்பு வந்த பாத்திரத்தை எந்தத் தாயும் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. வேறொன்றும் இல்லாவிடில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டே கொடுத்தனுப்பினாள்.